மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆய்வு செய்யும்போது: வாசகர் கேள்விகள்

கே: யோசனை மருத்துவருடையது. கருவியைச் செய்தது பல்கலைக்கழக ஆய்வு மாணவர். காப்புரிமை யாருக்கு?

காப்புரிமைக் கோரிக்கையில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியில்) எழுதப்படும் கருத்தை யார் தந்தார் என்றுதான் பார்ப்பார்கள். "ரத்தம் பின்னோக்கி வராத வடிகுழாய் இருந்தால் நல்லது" என்பது வெறும் தேவை. "முனையிலிருந்து இவ்வளவு தள்ளி ஒரு வால்வு வையுங்கள்" என்று சொன்னவர் கண்டுபிடிப்பாளர். சொன்ன அளவுக்குக் கடைந்து கொடுத்தவர் அல்ல. ஆய்வுக் கட்டுரையில் பெயர் இருப்பதும் கணக்கில் வராது.

கண்டுபிடித்தவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பொறுத்தது அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கைப் பாருங்கள். ஆய்வாளர் பல்கலைக்கழகத்திடம் "ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்று எழுதிக்கொடுத்திருந்தார். பிறகு பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கும்) நுட்பம் கற்கப் போன சீட்டஸ் நிறுவனத்தில் "இதன்மூலம் ஒப்படைக்கிறேன்" என்று கையெழுத்திட்டார். முதலாவது வாக்குறுதி, இரண்டாவது கைமாற்றம். சீட்டஸின் பிசிஆர் தொழிலைப் பின்னர் வாங்கிய ரோஷ் வென்றது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேறு நிறுவனத்தின் ஆய்வகத்துக்குள் நுழையும்போது நீட்டப்படும் 'பார்வையாளர் படிவத்தை' வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: மாநாட்டில் போஸ்டர் வைத்துவிட்டோம். இனி விண்ணப்பிக்கலாமா?

அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை இல்லை. பெரும்பாலும் வாய்ப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பலர் தவறுவது தேதியில். போஸ்டர் வைத்த நாளுக்குச் சில வாரம் முன்பே ஆய்வுச் சுருக்கம் இணையத்தில் ஏறியிருக்கும். அந்த நாள்தான் கணக்கு. அடுத்த முறை முதலில் விண்ணப்பம், பிறகு சுருக்கம். முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம்) வழியில் போனால், அந்தந்த நாட்டில் நடவடிக்கை தொடங்க, அதே முதல் தேதியிலிருந்து பெரும்பாலான நாடுகளில் 30 மாதம் வரை அவகாசம் கிடைக்கும்.

கே: நோயாளியின் பெயரை எடுத்துவிட்டு ஸ்கேன் படங்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா?

பெயர் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் சேமிக்கப்படும் டைகாம் கோப்பின் தலைப்பில் பிறந்த தேதி, பதிவு எண் இருக்கும். கருவித் தயாரிப்பாளர் சேர்த்த தனிப் புலங்களும் இருக்கும், மென்பொருள் அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவது உண்டு. அல்ட்ராசவுண்டில் பெயர் படத்திலேயே பதிந்திருக்கும். தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தையே மீட்டெடுக்கலாம். பதிவு எண்ணை வெறுமனே ஹாஷ் செய்தால் (கணக்கீட்டின் மூலம் வேறொரு குறியாக மாற்றினால்) எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து உடைத்துவிடுவார்கள். தேதிகளை அழித்தால் ஆய்வு கெடும். ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நாட்கள் நகர்த்துங்கள், இடைவெளி மாறாது. எண்ணையும் ஆளையும் இணைக்கும் பட்டியல் மருத்துவமனையை விட்டு வெளியே போகக் கூடாது. இத்தனைக்கும் பிறகு நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும்.

கே: திசு மாதிரி கொடுக்கத் தனி ஒப்பந்தம் தேவையா?

தேவை. எதற்குப் பயன்படுத்தலாம், மூன்றாம் தரப்புக்குத் தரலாமா, மீதியை என்ன செய்வது, இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். நோயாளியின் ஒப்புதல் படிவம் அனுமதிக்காத எதையும் இந்த ஒப்பந்தம் அனுமதிக்க முடியாது.

கே: ஒரே நிறுவனம் முழு உரிமமும் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பயன்பாட்டுத் துறையை வரையறுத்து. இதய நோய்க்கு மட்டும் என்றால் சிறுநீரகத்துக்கு வேறொருவருக்குத் தரலாம். எந்தத் தேதிக்குள் முன்மாதிரி, எந்தத் தேதிக்குள் மருத்துவச் சோதனை என்று இலக்கு வையுங்கள். தவறினால் உரிமம் திரும்ப வர வேண்டும். இல்லையென்றால் வாங்கிப் பரணில் போட்டுவிடுவார்கள். உள் ஆய்வுக்கும் நோயாளி சிகிச்சைக்கும் பயன்படுத்தும் உரிமையை மருத்துவமனை தன்னிடமே வைத்துக்கொள்வது அவசியம். மறந்தால் சொந்தக் கண்டுபிடிப்பையே காசு கொடுத்து வாங்க நேரும்.