ஏசி இல்லாத வன்னி வீட்டில் நத்தாருக்குச் சொக்லேட்டில் தோய்த்த இனிப்பு செய்யலாமா?

செய்யலாம் தங்கச்சி, தாராளமாகச் செய்யலாம். கிளிநொச்சியில் இருந்து கேட்டிருக்கிறீங்கள்: போன நத்தாருக்குத் தேங்காய் ரொபியைச் சொக்லேட்டில் தோய்த்து வைத்தேன், அடுத்த நாளே வெள்ளை பூத்து, தொட்டால் கையில் ஒட்டியது, ஏசி அறை இல்லாமல் இது சரிவராதா என்று. ஏசி தேவையில்லை. விடியக்காலை நேரமும், ஈரமில்லாத பாத்திரமும், சரியான சொக்லேட்டும் இருந்தால் போதும். நான் முழங்காவில் பக்கம் நத்தாருக்கும் பொங்கலுக்கும் ஓடர் எடுத்து இனிப்புச் செய்து குடுக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஏசி கிடையாது.

முதலில் அந்த வெள்ளையைப் பார்ப்போம். அது ரெண்டு வகை. விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கோ. வழுவழு என்று உருகி மறைந்தால் அது கொழுப்பு மேலே வந்து பூத்தது. சொக்லேட்டைச் சரியாக ஆறவைக்கவில்லை, அல்லது வெக்கையில் வைத்திருக்கிறீங்கள் என்று அர்த்தம். தேய்க்கும்போது நறுநறு என்று இருந்தால் அது சீனி. மேலே தண்ணி பட்டு, சொக்லேட்டில் உள்ள சீனி கரைந்து, காய்ந்ததும் பொடியாக நிற்கிறது. கையில் ஒட்டியது என்று எழுதினதைப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகைதான். பிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்திருப்பீங்கள். மார்கழியில் எங்கட காற்று முழுக்க ஈரம். பிரிட்ஜில் இருந்து வந்த குளிர்ந்த இனிப்பில் அந்த ஈரம் முத்து முத்தாக வேர்க்கும். ரெண்டு வகையையும் பயமில்லாமல் சாப்பிடலாம். பார்க்கத்தான் வடிவில்லை.

அடுத்தது எந்தச் சொக்லேட் என்பது. பக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கோ. கொக்கோ பட்டர் மட்டும் போட்டிருந்தால் அது அசல் சொக்லேட். தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது கொம்பவுண்ட். கடைகளில் கட்டியாக விற்கிற குக்கிங் சொக்லேட் பெரும்பாலும் இந்த ரெண்டாவது. முதல் தடவை செய்கிற ஆளுக்கு நான் கொம்பவுண்டைத்தான் சொல்வேன். உருக்கினோம், தோய்த்தோம், இறுகிற்று, அவ்வளவுதான். ருசி ஒரு படி குறைவு, அதை மறைக்க மாட்டேன்.

அசல் சொக்லேட்டில்தான் வேலை அதிகம். கொக்கோ பட்டர் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது விதமாக உறைந்தால்தான் மினுக்கமும், கடிக்கும்போது 'டக்' என்ற சத்தமும் வரும். அது உருகுவது ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில். வாய்க்குள் போனதும் கரைகிற சுகம் அதனால்தான், சித்திரை வெக்கையில் மேசையில் வைத்தாலே இளகுவதும் அதனால்தான். அதனால் சித்திரை வருசத்துக்கு யாரும் சொக்லேட் இனிப்புக் கேட்டால் நான் ஓடர் எடுப்பதில்லை. நத்தாரும் தைப்பொங்கலும் நல்ல காலம். மாரி மழை, விடியற்பக்கம் 22, 23 பாகை வரைக்கும் இறங்கும். விடிய நாலு மணிக்கு எழும்பி ஏழு மணிக்கு முன்னம் தோய்த்து முடித்துவிடுங்கோ. ஒரு எச்சரிக்கை: அசலையும் கொம்பவுண்டையும் ஒரே சட்டியில் கலக்காதீங்கோ. ரெண்டு கொழுப்பும் ஒத்துப்போகாது. இறுகாமல் பிசுபிசு என்று நிற்கும், கெதியாகப் பூக்கும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, உள்ளுக்கு வைக்கிற சாமான். வீடியோக்களில் காட்டுகிற மார்ஷ்மெலோவும் செரிப்பழமும் தேடி வவுனியா மட்டும் அலைய வேண்டாம். எங்கட மண்ணில் கச்சான் இருக்கு, எள்ளு இருக்கு, பனங்கட்டி இருக்கு, முழங்காவில் பக்கம் கஜுவும் இருக்கு. சொக்லேட்டுக்கு எதிரி தண்ணி. இந்த நாலிலும் தண்ணி மிகக் குறைவு. இதைவிடப் பொருத்தமான உள்ளீடு வெளியில் எங்கே கிடைக்கும்?

நான் அதிகம் செய்வது கச்சான் பனங்கட்டி உருண்டை. அடுப்பில் பாகு வைக்கிற வேலையே இல்லை. ஏ9 வீதியால் போகிற ஆக்கள் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்குவார்களே, அப்படி மணலில் கோதோடு வறுத்த கச்சான்தான் இதற்குச் சரி. கோதுடைத்த பருப்பாக 200 கிராம் எடுங்கோ. உள்ளங்கையில் வைத்து உரஞ்சி, சுளகில் போட்டு வாசலில் நின்று புடைத்தால் சிவப்புத் தோல் பறந்துவிடும். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிக் கையால் தடவிப் பாருங்கோ. ஒரு மணல் துகள் பல்லில் அகப்பட்டால் முழு இனிப்பும் வீண். 100 கிராம் பனங்கட்டி எடுங்கோ. பனங்கட்டி ஊற்றிவைக்கிற ஓலைக் குட்டானின் வாய்ப்பக்கம் மாரியில் கசிந்து ஈரமாக இருக்கும், அதைச் சுரண்டித் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டு உள்ளே இறுக்கமாக இருக்கிறதை மட்டும் எடுங்கோ. கச்சானை உரலில் போட்டுக் குறுணலாக இடித்து, பனங்கட்டியைத் தூளாக்கிச் சேர்த்து, எண்ணெய் கசிந்து ரெண்டும் ஒன்றோடொன்று பிடிக்கிற அளவுக்கு மட்டும் இடியுங்கோ. அதுக்கு மேல் போனால் களியாகிவிடும். கிரைண்டர் என்றால் விட்டு விட்டு அடியுங்கோ. ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய். சின்ன நெல்லிக்காய் அளவில் இறுக்கி உருட்டினால் முப்பது உருண்டை மட்டில் வரும். ஒரு துளி தண்ணிகூடச் சேர்க்காதீங்கோ.

போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்து வளர்ந்த ஆக்கள் எங்கட வீடுகளில் இன்னும் இருக்கினம். அந்தப் பனங்கட்டியைக் கறுப்புச் சொக்லேட்டின் கைப்போடு சேர்த்து அவர்கள் கையில் குடுக்கிறது எனக்குப் பெரிய விசயம். பாற்சொக்லேட்டில் தோய்த்தால் தித்திப்பு மேல் தித்திப்பாகப் போய்விடும், இதுக்குக் கறுப்புத்தான்.

கச்சான் அல்வாவையும் தோய்க்கலாம். சீனிப்பாகைக் குளிர்ந்த தண்ணியில் ஒரு துளி விட்டால் உடனே கல்லாகி முறியவேணும், அதுதான் பதம், 150 பாகைக்குக் கிட்ட. மாரிக்காலத்தில் கச்சான் அல்வா ரெண்டு நாளில் இளகிப் பல்லில் ஒட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சொக்லேட் அதற்கு மழைக்கோட்டுப் போட்ட மாதிரி, வெளி ஈரத்தை அதிகம் உள்ளே விடாது. எள்ளுருண்டையும் நல்லம், ஆனால் எள்ளின் எண்ணெய் மெல்ல வெளியே வந்து மேற்பூச்சை இளக்கும், அதனால் அதை முதலில் சாப்பிட்டு முடியுங்கோ.

நீங்கள் செய்த தேங்காய் ரொபிக்கு ஒரு சொல். அதில் பிழை வருவது தேங்காய்ப்பூவின் ஈரத்தால். 250 கிராம் சீனிக்கு ஒரு நடுத்தரத் தேங்காயின் வெள்ளைப் பூ, மூன்று மேசைக்கரண்டி ரின்பால். தாச்சியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்வரை மெல்லிய நெருப்பில் கிளறுங்கோ. தண்ணியில் விட்ட துளியை விரலால் உருட்ட வரவேணும். வெட்டின பிறகு உடனே தோய்க்காமல் மெல்லிய துணியால் மூடி ஒரு இரவு வையுங்கோ. மேற்பக்கம் காய்ந்தால்தான் சொக்லேட் பிடிக்கும்.

உருக்கும்போது கவனம் வேணும். சொக்லேட்டைக் கத்தியால் பொடிப்பொடியாக வெட்டுங்கோ. சட்டியில் ரெண்டு விரல் தண்ணி கொதிக்கவைத்து, நெருப்பை நிறுத்திவிட்டு, அதன் மேல் இன்னொரு காய்ந்த பாத்திரத்தை வையுங்கோ. அடி தண்ணியில் படக்கூடாது, ஆவி மட்டும் போதும். ஈரக்கரண்டி, ஈரக்கை, மூடியில் இருந்து சொட்டுகிற ஆவி எதுவும் ஆகாது. ஒரு சில துளி தண்ணி பட்டாலே சீனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி முழுச் சொக்லேட்டும் சேறாக இறுகிவிடும். அப்படி ஆனால் கொட்டாதீங்கோ, சூடான பாலை விட்டுக் கரைத்தால் கேக்குக்கு மேல் ஊற்றலாம். தோய்க்க மட்டும் உதவாது. விறகடுப்பு என்றால் தணலில் செய்யுங்கோ, புகை மணம் சொக்லேட்டில் உடனே ஏறும்.

கொம்பவுண்ட் என்றால் இதோடு தோய்க்கத் தொடங்கலாம். அசல் என்றால் மூன்றில் ரெண்டு பங்கை மட்டும் உருக்கி இறக்கி, மிச்சத்தைப் பொடியாக வெட்டி அதில் போட்டுக் கரையும்வரை கிளறிக்கொண்டே இருங்கோ. கறுப்பு 31, 32 பாகைக்கு இறங்கவேணும், பாற்சொக்லேட் 29, 30க்கு. வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துளியைக் கீழ் உதட்டில் வைத்துப் பாருங்கோ, சற்றுக் குளிர்ந்த மாதிரி இருக்கவேணும். கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கோ. பத்து நிமிசத்துக்குள் மினுக்கமாக இறுகினால் பதம் சரி. கோடுகோடாக மங்கி நின்றால் இன்னும் கொஞ்சம் வெட்டின சொக்லேட் போட்டுக் கிளறுங்கோ.

தடிப்பாக இருக்கு என்று தேங்காய் எண்ணெய் விடச் சொல்லி நிறையப் பேர் எழுதியிருக்கினம். குளிர் நாட்டில் அது சரிவரும். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையிலேயே உருகுகிற சாமான், எங்கட நத்தார்ப் பகலே அதைவிடச் சூடு. 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் விட்டால் உங்கட இனிப்பு மத்தியானத்தில் கையோடு வரும். விடாமல் செய்வதே நல்லம்.

முப்பது உருண்டையில் ஒட்டுவது 150 கிராம் மட்டில்தான், ஆனால் தோய்க்க ஆழம் வேணும் என்பதால் 250 கிராம் உருக்குங்கோ. முள்ளுக்கரண்டியில் உருண்டையை ஏந்தி, முக்கி, தூக்கி, பாத்திர விளிம்பில் நாலைந்து தரம் தட்டி, அடியை விளிம்பில் வழித்துவிட்டு ஒயில் பேப்பரில் வழுக்கி இறக்குங்கோ. தட்டுவதில் சோம்பல்பட்டால் அடியில் சொக்லேட் குளமாகத் தேங்கும். 2024 இல் உலகச் சந்தையில் கொக்கோ விலை தொன்னுக்குப் பத்தாயிரம் டொலரைத் தாண்டினது, பூச்சு மெல்லிசாக இருப்பது கைக்காசுக்கும் நல்லது. உருண்டை வீட்டுச் சூட்டிலேயே இருக்கட்டும். பிரிட்ஜில் இருந்து எடுத்த உருண்டையைத் தோய்த்தால் பூச்சு வெடிக்கும். அடியில் மிஞ்சின சொக்லேட்டில் உடைந்த கச்சானைப் போட்டுக் கிளறி, கரண்டி கரண்டியாக வைத்துவிடுங்கோ. பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுப்பினம்.

இறுகினதும் காய்ந்த பால்மாப் பேணியில், அடுக்குக்கு அடுக்கு பேப்பர் வைத்து, இறுக்கி மூடி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கோ. அடுப்படியும் வேண்டாம், தண்ணிப் பானைப் பக்கமும் வேண்டாம். பேணியை அகன்ற தட்டில் தண்ணி விட்டு நடுவில் வைத்தால் எறும்பு வராது என்று ஆக்கள் செய்வினம், சொக்லேட்டுக்கு அந்த ஈரமும் கூடாது. இறுக்கமான மூடியே போதும். பிரிட்ஜில் வைத்தே தீரவேணும் என்றால் பேணியோடு வைத்து, எடுத்த பிறகு பேணி சூடு சமனாகும்வரை மூடியைத் திறக்காதீங்கோ. போன வருசம் வேர்த்தது இந்த முறை வேர்க்காது.

பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் வைத்துக் குடுக்கும்போது கச்சான் இருக்கு என்று வாயால் சொல்லிவிடுங்கோ. சில பிள்ளைகளுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, அது விளையாட்டான விசயம் இல்லை. நாள் கணக்கு: 22ஆம் திகதி உருண்டை பிடித்து, 23 விடிய தோய்த்தால் 24 இரவுப் பூசைக்குப் போக முன்னம் எல்லாம் பேணிக்குள் இருக்கும். 23 அடைமழை என்றால் ஒரு நாள் முன்னுக்குப் போடுங்கோ.