பந்தயப் பாய்மரப் படகுக் கட்டுமானத்தில் தானியங்கி முறைகள்: கேள்வி பதில்

உயர்திறன் பந்தயப் பாய்மரப் படகுகளைக் கட்டுவதில் ரோபோக்களும் சிஎன்சி இயந்திரங்களும் (கணினி கட்டுப்பாட்டில் வெட்டிக் கடையும் இயந்திரங்கள்) எங்கே கைகொடுக்கும், எங்கே கைகொடுக்காது என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, விமானத் தொழிற்சாலையில் ஒரே பாகத்தை நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள், அங்கே ரோபோ கட்டுப்படியாகும். ஒரு பந்தய அணி கட்டுவதோ ஒன்றிரண்டு படகுகள். அதற்கு இவ்வளவு செலவு தேவையா?

பதில்: கூலி மிச்சத்தை மட்டும் பார்த்தால் தேவையில்லை. அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்துக்கான ஏசி75 வகைப் படகுகளில், 2021 ஆக்லாந்து போட்டிக்கு ஓர் அணி இரண்டு படகுகள் வரை கட்டலாம் என்றிருந்தது. 2024 பார்சிலோனா போட்டிக்கு அது ஒன்றாகக் குறைந்தது. இந்த எண்ணிக்கையில் எந்த ரோபோவும் கூலியால் தன் விலையை ஈட்டித் தராது.

ஆனால் நாம் இங்கே வாங்குவது வேகத்தை அல்ல, துல்லியத்தை. இப்படகுகள் பிசின் ஊட்டிய கார்பன் இழையை அடுக்கடுக்காகப் பதித்துக் கட்டப்படுகின்றன. அந்த இழை தன் நீளவாக்கில்தான் வலிமையானது. விறைப்பெண் சுமார் 140 கிகாபாஸ்கல் உள்ள சாதாரண ஒருதிசை அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இழைகள் விசையின் திசையிலிருந்து 5 பாகை விலகினால், அந்த அடுக்கின் விறைப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பல திசைகளில் அடுக்கிய முழு லேமினேட்டில் இழப்பு இதைவிடக் குறைவுதான். ஆனாலும், கையால் அடுக்கும்போது எந்த அடுக்கு எவ்வளவு விலகியது என்பது யாருக்கும் தெரியாது என்பதால், வடிவமைப்பாளர் அந்த ஐயத்துக்கு ஈடாகக் கூடுதல் அடுக்குகளைச் சேர்த்துவிடுகிறார். ஐயம் குறைந்தால் அந்த அடுக்குகளும் குறையும், எடையும் குறையும். பந்தயப் படகில் ரோபோவை நியாயப்படுத்தும் முதற்காரணம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தானியங்கி இழை அடுக்கும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? எந்த வடிவத்தையும் அதில் செய்துவிட முடியுமா?

பதில்: ரோபோ கையின் நுனியில் ஒரு தலைப்பகுதி இருக்கும். பிசின் ஊட்டிய குறுகிய இழை நாடாக்கள், பெரும்பாலும் 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ளவை, பக்கம் பக்கமாக அதற்குள் வந்து சேரும். வெப்பவிளக்கோ லேசரோ அவற்றைச் சற்றே இளக்க, பின்னால் வரும் உருளை, பாகத்துக்கு வடிவம் தரும் அச்சின் (மோல்டின்) மேல் அழுத்திப் பதிக்கும். ஒவ்வொரு நாடாவையும் தனித்தனியே நறுக்கவும் மீண்டும் தொடங்கவும் தலைக்குள்ளேயே கத்திகள் உண்டு. போயிங் 787 விமானத்தின் உடற்குழாய்ப் பகுதிகள் இம்முறையில்தான் செய்யப்படுகின்றன.

எந்த வடிவத்தையும் செய்துவிட முடியாது. நாடாவை வளைத்துச் செலுத்தும்போது அதன் உள்விளிம்புக்கு வெளிவிளிம்பைவிடக் குறைந்த தூரமே கிடைக்கிறது. மிஞ்சும் நீளம் சிறுசிறு மடிப்புகளாக எழும்பி நிற்கும். அப்படி எழும்பிய இழை அமுக்கவிசையைத் தாங்காது. குறுகிய நாடா கூடுதலாக வளையும். ஆனால் வேலை மெதுவாகும். வெட்டும் கத்திக்கும் உருளைக்கும் இடையே உள்ள தூரத்தைவிடச் சிறிய துண்டை இயந்திரத்தால் பதிக்கவே முடியாது. எனவே துளைகளைச் சுற்றியும் பொருத்துமிடங்களிலும் வரும் சிறு வலுவூட்டல் துண்டுகள் கைவேலையாகவே நிற்கும்.

ஹல் (படகின் உடற்பகுதி) விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. குழிவான அச்சுக்குள், குறிப்பாகப் படகின் ஒடுங்கிய முன்மூக்கில், அந்தப் பருமனான தலை நுழையாது. ஹல்லின் சுவர் இரண்டு கார்பன் தோல்களும் அவற்றுக்கு நடுவே எடை குறைந்த தேன்கூட்டு அட்டையும் கொண்டது. உள்தோலை அடுக்கும்போதோ கீழே அந்த அட்டை இருக்கிறது. உருளையின் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் அது நசுங்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் படகின் எந்தப் பாகத்தில் ரோபோவுக்கு முதலிடம் தருவீர்கள்?

பதில்: தயக்கமின்றி ஃபாயிலுக்கு. படகையே நீரிலிருந்து தூக்கி நிறுத்தும் அந்த மெல்லிய இறக்கையில் பெரும்பாலான இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. நூற்றுக்கணக்கான அடுக்குகள்; ஒவ்வொன்றும் அடுத்ததைவிடச் சிறிது நீளமாகவோ குட்டையாகவோ முடியும். மனிதக் கை சோர்ந்து பிழைவிடும் வேலை இது. இயந்திரத்துக்கோ மிகவும் ஏற்றது. வலப்பக்க ஃபாயிலும் இடப்பக்க ஃபாயிலும் ஒரே அளவு வளைய வேண்டும் என்பதால், ஒன்றைப் போலவே மற்றொன்றைச் செய்யும் திறன் இங்கே நேரடியாகப் பந்தயப் பலனாகிறது. பிரான்சின் லோரியான் நகரில் உள்ள அவெல் ரோபோட்டிக்ஸ், ஐமோகா என்ற பெருங்கடல் பந்தய வகைப் படகுகளுக்கான ஃபாயில்களை இழை அடுக்கும் ரோபோவைக் கொண்டு செய்கிறது.

பாய்களில் இந்த மாற்றம் முன்பே வந்துவிட்டது. நார்த் செயில்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மின்டன் என்ற ஊரில் செய்யும் த்ரீடிஐ பாய்களில், விரித்து மெலிதாக்கிய இழை நாடாக்களை இயந்திரத் தலை அடுக்குகிறது. பிறகு பாயின் பறக்கும் வடிவத்துக்கு ஏற்பச் சரிசெய்யக்கூடிய அச்சின் மேல் வைத்து இறுக வைக்கிறார்கள்.

கேள்வி: நான் நடத்துவது நான்கைந்து பேர் வேலை செய்யும் சிறிய பட்டறை. ரோபோவை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: கணினியால் இயங்கும் துணிவெட்டு மேசையிலிருந்து தொடங்குங்கள். அடுத்ததாக, ஒவ்வொரு அடுக்கின் எல்லையையும் அச்சின் மேல் ஒளிக்கோடாகக் காட்டும் லேசர் புரொஜெக்டரை வாங்குங்கள். இவை இரண்டும் இருந்தால், துண்டு சரியான வடிவில் வரும், எண் குறிக்கப்பட்டிருக்கும், சரியான இடத்தில் சரியான திசையில் உட்காரும். பதிப்பதோ அனுபவமுள்ள கைதான். ரோபோ தரும் துல்லியத்தில் பெரும்பகுதி இப்படியே கிடைத்துவிடும். உறைபெட்டியிலிருந்து ப்ரீப்ரெக் (முன்பே பிசின் ஊட்டிய இழைத்துணி) சுருளை எடுத்த நேரத்தையும் திருப்பி வைத்த நேரத்தையும் அதே கணினியில் பதிந்து வாருங்கள். வெளியில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பொருளின் ஆயுளிலிருந்து கழிகிறது.

கேள்வி: அச்சுகளை (மோல்டுகளை) முப்பரிமாண அச்சுமுறையில் (3டி பிரிண்டிங்) உருவாக்கினால் செலவு குறையுமா? முழுப் படகையே அப்படிச் செய்ததாகப் படித்தேன்.

பதில்: நீங்கள் படித்தது 2019இல் அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகம் செய்த 3டிரிகோ படகாக இருக்கலாம். 7.62 மீட்டர் நீளமும் சுமார் 2.3 டன் எடையும் உள்ள அதை 72 மணி நேரத்தில் அச்சிட்டார்கள். அரிய சாதனைதான், ஆனால் அந்த எடையே அது பந்தயத்துக்கான வழி அல்ல என்பதைக் காட்டிவிடுகிறது. அச்சுகளைப் பொறுத்தவரை வழி நல்லதுதான்: தேவையைவிடச் சற்றுத் தடிமனாக அச்சிட்டு, ஐந்து திசைகளில் அசையும் சிஎன்சி இயந்திரத்தால் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவரலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. அச்சிட்ட வரிகளுக்கு இடையே காற்று கசிந்தால், அடுக்குகளை அச்சோடு சேர்த்து அழுத்தும் வெற்றிடப் பை நிற்காது; ஆகவே மேற்பரப்பை முழுமையாக அடைத்தாக வேண்டும். மற்றொன்று வெப்ப விரிவு. 20 மீட்டர் நீளமுள்ள அலுமினிய அச்சை 20 பாகை செல்சியஸிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் நீளும்; மேலே இருக்கும் கார்பன் ஹல்லோ அதில் சிறு பங்குதான் நீளும். அச்சிட்ட நெகிழியில் இந்த விரிவு வரி ஓடும் திசையில் ஓர் அளவாகவும் குறுக்கே வேறோர் அளவாகவும் இருக்கும். இதைக் கணக்கிடாமல் பெரிய அச்சில் இறங்காதீர்கள்.

கேள்வி: ரோபோ அடுக்கிவிட்டால் தனியாகப் பரிசோதனை வேண்டாம் அல்லவா?

பதில்: கட்டாயம் வேண்டும். நாடாக்களுக்கு இடையே விழும் இடைவெளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல், முறுக்கிக்கொண்ட நாடா ஆகியவை இயந்திரம் தரும் பிழைகள். தலையில் பொருத்திய கேமராவும் லேசரும் இவற்றை அடுக்கும்போதே காட்டும். அவற்றைப் பார்த்துத் திருத்துவதற்கு ஆகும் நேரத்தைத் திட்டத்தில் தாராளமாக ஒதுக்குங்கள். தேன்கூட்டிலிருந்து தோல் பிரிந்திருப்பதும் பிசின் இறுகியபின் உள்ளே தங்கிய காற்றுக்குமிழும் அந்தக் கேமராவுக்குத் தெரியாது. அவற்றுக்கு மீயொலிச் சோதனைதான் வழி. அடுக்கும்போது எடுத்த பதிவையும் மீயொலிப் படத்தையும் பாகத்தின் எண்ணோடு சேர்த்துப் பாதுகாத்து வைத்தால், பந்தயத்தில் அடிபட்ட ஃபாயிலைப் பழுதுபார்க்கும்போது எது புதிய சேதம், எது முதலிலிருந்தே இருந்தது என்று பிரித்தறிய முடியும்.