வி.ஆரில் (கணினி காட்டும் மெய்நிகர் உலகில்) வாத்தியம், மேடை: கேள்வி பதில்

கேள்வி: சார், யூனிட்டி மென்பொருளில் வி.ஆருக்காக ஒரு டிரம் செட் செய்தேன். பார்க்க அசலாகவே இருக்கிறது. ஆனால் டிரம்மர் நண்பர் ஒருவர் வாசித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே கை வலிக்கிறது என்று ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார். ஏன்?

பதில்: அசல் மாதிரியே செய்ததுதான் சிக்கல். நிஜ டிரம்மில் தோல் குச்சியைத் திருப்பித் தள்ளும். அந்தத் துள்ளலை வைத்துத்தான் அடுத்த அடி. காற்றில் ஒவ்வொரு அடியையும் கையே நிறுத்தி, கையே தூக்க வேண்டும். வலிக்காமல் என்ன செய்யும்? கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் அதிர்வு, அடி விழுந்தது என்று சொல்லும், அவ்வளவுதான்.

தொடாமல் வாசிக்கும் வாத்தியம் நூறு வருடமாக இருக்கிறது: 1920 வாக்கில் ரஷ்யாவில் லியோன் தெரமின் செய்தது. ஒரு கை சுருதிக்கு, மறு கை ஒலியளவுக்கு. ஆனால் பிடிமானம் இல்லாததால் சுருதி சட்டென்று நழுவும். வி.ஆரில் ஸ்வரஸ்தானங்களைக் கண்முன் கோடுகளாகவே வரைந்துவிடலாம். ஆகவே தட்டுவதை விடுங்கள். இழுப்பது, நீட்டுவது, சுழற்றுவது ஆகியவற்றோடு ஒலியைக் கட்டுங்கள்.

கேள்வி: கை அடித்ததற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவே தாமதம் எவ்வளவு வரை தாங்கும்?

பதில்: 10 மில்லிசெகண்டுக்குள் இருக்கப் பாருங்கள். ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர், 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் அளவு என்றால், அது மட்டுமே 5.3 மி.செ. எடுத்துக்கொள்ளும். 90 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், 11 மி.செ. ஃபிரேம் வந்தபின் மோதலைக் கண்டுபிடித்து ஒலியைக் கிளப்பினால் அப்போதே பிந்திவிட்டீர்கள். கையின் வேகத்தை வைத்து மோதும் கணத்தை முன்கூட்டியே கணித்து, ஒலியை அந்த நேரத்துக்குக் குறித்துவையுங்கள். ப்ளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம், கம்பிதான்.

கேள்வி: அண்ணா, கை டிராக்கிங்கில் (கேமராவே வெறும் கையைக் கவனிப்பதில்) மிருதங்கம் வருமா?

பதில்: வராது தம்பி. ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் கரணை (நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) ஓரத்தில் பட்டும் படாமல் நிற்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழுகிறது. அந்தப் பட்டும் படாமலை கேமரா எப்படிப் பார்க்கும்? ஒரு விரல் இன்னொன்றை மறைத்தாலே அது ஊகிக்கத் தொடங்கிவிடும். நிஜ மிருதங்கத்தையே மடியில் வைத்து, மைக் ஒட்டி, அந்த ஒலியை வைத்து வி.ஆர். சூழலை அசைய வையுங்கள். வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒன்று.

கேள்வி: சபையில் யாருக்கும் ஹெட்செட் இல்லை. அவர்கள் எதைப் பார்ப்பது?

பதில்: 1992இல் சிகாகோவில் நடந்த சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில், வி.ஆர். முன்னோடி ஜாரன் லேனியர் ஒரு கையில் டேட்டா கிளவ் (கை அசைவை உணரும் கையுறை) மாட்டி வாசித்தார். அவர் கண்ட உலகம் பெரிய திரையில் சபைக்கும் தெரிந்தது. நானாக இருந்தால் அதோடு, வாசிப்பவரின் முழு உருவமும் தெரிகிற நிலையான கேமரா ஒன்றையும் வைப்பேன். வாசிப்பவரின் தலையோடு ஆடும் காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்வரிசைக்குக் குமட்டும்.

கேள்வி: சென்னையில் ஒருவர், லண்டனில் ஒருவர். வி.ஆரில் சேர்ந்து வாசிக்கலாமா?

பதில்: தூரம் 8,000 கி.மீ.க்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கி.மீ. போகும், ஆகவே ஒரு வழிக்கே 40 மி.செ. ஆகிவிடும். சுமார் 25 மி.செ.யைத் தாண்டினாலே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து லயம் இழுபடும். தாளம் இல்லாத ஆலாபனையைப் பகிர்ந்து பாடலாம். தாளத்தையே நம்பியிருக்கும் தனி ஆவர்த்தனம் நடக்காது.