மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் தினமும் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள்?

கேள்வி இது: "என் சித்தப்பா வீட்டில் மாடல் ரயில் லேஅவுட் வைத்திருக்கிறார். ராத்திரி சாப்பிட்டதும் யாருடனாவது போனில் பாயிண்ட், ஜல்லி, கைகாட்டி என்று ஒரு மணி நேரம் பேசுகிறார். நடுவில் நெல் விலை, கல்யாணம், சர்க்கரை மாத்திரை எல்லாம் வருகிறது. இந்தப் பொழுதுபோக்கில் தினமும் பேச அவ்வளவு என்ன இருக்கிறது?"

உங்கள் சித்தப்பாவை எனக்குத் தெரியாது. ஆனால் மாடல் ரயில் செய்யும் எங்களுக்குள்ளும் அதே பேச்சு தினமும் உண்டு. நான் கும்பகோணம். மற்றவர்கள் திருச்சி தொடங்கி வேதாரண்யம் வரை பரவலாக இருக்கிறார்கள். ஊர் பெயரை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம்: திருவாரூர் அக்கா, நீடாமங்கலம் அண்ணன், மன்னார்குடித் தம்பி, பொன்மலை ஐயா. பொன்மலை ஐயா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பழைய ஸ்டேஷன் மாஸ்டர். அவர் மட்டும் எல்லோருக்கும் 'மாஸ்டர் சார்'.

லேஅவுட் என்றால் பலகை மேல் தண்டவாளம், ஸ்டேஷன், ஊர் எல்லாம் சின்னதாகச் செய்து வைப்பது. இவ்வளவு பேச்சு எதற்கு என்றால், பேசாமல் எங்கள் லேஅவுட்டில் ஒரு அடி கூட நகராது. ஐரோப்பாவில் ஒருவர் தன் நாட்டு ஸ்டேஷனைச் செய்ய ஆசைப்பட்டால் கட்டடம், சிக்னல், பெட்டி, விளக்குக் கம்பம் எல்லாம் அளவோடு கடையில் கிடைக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி இருந்த மீட்டர் கேஜ் காலத்து நீடாமங்கலம் ஸ்டேஷன் எந்தக் கடையிலும் கிடைக்காது. பிளாட்பாரம் எவ்வளவு உயரம், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், கேட் கீப்பர் அறையின் கதவு எந்தத் திசை பார்த்தது என்பதெல்லாம் யாராவது ஒருவர் நினைவில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒருவரிடம் போன் போட்டதும் "மேம்பாலத்துக்கு எத்தனை படி?" என்று கேட்டுவிட முடியாது. மூட்டுவலி எப்படி இருக்கிறது, பேத்திக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்று விசாரித்துவிட்டுத்தான் படிக்கு வரவேண்டும். வலுக்கட்டாயமாக இல்லை, அப்படித்தான் வருகிறது. நீங்கள் கேட்ட கல்யாணமும் மாத்திரையும் அங்கேதான் நுழைகின்றன.

எங்களிடம் ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு, அது அளவைப் பற்றியது. உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்ஓ என்ற அளவு. நிஜத்தில் 87 அடி இருப்பது இதில் ஒரு அடி. டிராக் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு அது சரியாகப் பொருந்தும். நம் பிராட் கேஜோ, அதாவது இப்போதைய அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆகவே எச்ஓ டிராக்கில் நம் ஊர் டீசல் இன்ஜினை நிறுத்தினால் இடுப்புக்குக் கீழே ஒடுங்கித் தெரியும். மன்னார்குடித் தம்பி அதைப் பொருட்படுத்துவதில்லை. அவருக்கு 2011இல் ஊருக்குத் திரும்ப ரயில் வந்ததுதான் வாழ்க்கையின் பெரிய சம்பவம், அவர் பிராட் கேஜை விடமாட்டார். திருவாரூர் அக்கா மீட்டர் கேஜ் கட்சி. 1000ஐ 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. சுவிஸ் மலை ரயில் மாடல்களுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் டிராக் அதற்கு ஏறக்குறைய சரியாக அமைந்துவிடுகிறது. "கணக்கே என் பக்கம் இருக்கு தம்பி" என்பார்.

இந்த இடத்தில் மாஸ்டர் சார் குரல் வரும். நாகப்பட்டினம் – திருச்சி பாதையை 1860களின் தொடக்கத்தில் முதலில் போட்டபோது அது பிராட் கேஜ்தான். 1870களில் அதை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடி, பிறகு நம் கண் முன்னால் மறுபடி பிராட் கேஜ் ஆனது. "இரண்டு பேரும் சரி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். மறுநாள் வழக்கு மறுபடி தொடங்கும். என்னைக் கேட்டால் அக்கா பக்கம்தான் நியாயம். டெல்டாவின் சின்ன ஸ்டேஷன்களின் அழகெல்லாம் மீட்டர் கேஜின் உயரத்துக்கும் நீளத்துக்கும் அமைந்தது.

மாஸ்டர் சார் சொல்லிக்கொடுத்தவற்றில் நான் மிகவும் மதிப்பது கைகாட்டி மரத்தின் விளக்கைப் பற்றியது. கைகாட்டி என்பது பழைய காலத்து சிக்னல் கம்பம். அதில் கை நேராக நீட்டியிருந்தால் நில், கீழே சாய்ந்திருந்தால் போ. ராத்திரியில் கை தெரியாது. அதனால் கையோடு சேர்ந்து நகரும் சட்டத்தில் இரண்டு கண்ணாடி இருக்கும், பின்னால் மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு கண்ணாடி சிவப்பு. இன்னொன்றைப் பச்சை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். "அது நீலம் கலந்த கண்ணாடிப்பா" என்றார் சார். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் ஒளி அதன் வழியாக வரும்போது டிரைவர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். இதைக் கேட்ட பிறகு நீடாமங்கலம் அண்ணன் தன் கைகாட்டிகளில் இருந்த வெள்ளை எல்இடியை எல்லாம் எடுத்துவிட்டு, இளமஞ்சள் எல்இடி வைத்து, முன்னால் நீல நிற பிளாஸ்டிக் தாளை ஒரு பொட்டு அளவுக்கு வெட்டி ஒட்டினார். அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு சார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டோக்கனைப் பற்றி ஆரம்பித்தார். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வண்டி வராமல் இருக்க, அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியாக ஒரு உலோகப் பந்து கருவியிலிருந்து வெளிவரும். அதைப் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் கட்டி, நிற்காமல் போகும் வண்டியின் டிரைவர் கையில் மாட்டுகிற மாதிரி நீட்டிப் பிடிப்பார்கள். மழையில், இருட்டில், வண்டி வரும் காற்றில் அதைப் பிடித்து நிற்பது எப்படி என்று அவர் சொன்னது முழுக்க எழுதினால் தனிப் பதில் ஆகிவிடும்.

நிலத்தைப் பற்றிய பேச்சும் இதே அளவு நீளம். மாடல் ரயில் புத்தகம் எதைப் புரட்டினாலும் மலை, குகை, வளைந்து ஏறும் பாதை. டெல்டாவில் குகை ஏது? மேடு என்றால் ஆற்றங்கரைதான். எங்களுக்கு இருப்பது பாலம். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி, முடிகொண்டான், பாமணியாறு, கோரையாறு என்று ஆறும் வாய்க்காலும் குறுக்கே போய்க்கொண்டே இருக்கும். ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சத்தம் மாறுவதை வைத்தே எந்த ஊர் தாண்டுகிறது என்று தெரியும். பலகையைத் தட்டையாகப் போட்டு அதன் மேல் டிராக் வைத்தால் பாலத்துக்கு அடியில் ஆறு வராது. அதனால் நாங்கள் தரைமட்டத்தையே இரண்டு அங்குலம் உயர்த்தி, ஆறு வரும் இடத்தில் பலகையை வெட்டிக் கீழே இறக்குகிறோம். இது அண்ணனும் அக்காவும் பேசிப் பேசிக் கண்டுபிடித்த வழி. புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து, எந்த மாதம்? இதை முடிவு செய்யாமல் நிறம் அடிக்க முடியாது. ஜூன் 12 மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வந்த நாட்களா, குறுவை அறுப்பா, சம்பா பச்சை கட்டி நிற்கும் கார்த்திகையா, உளுந்து விதைத்த தை மாசியா? ஒவ்வொன்றுக்கும் வயல் வேறு நிறம், வாய்க்கால் வேறு நிறம். புதுத் தண்ணீர் நீலமாக இருக்காது, செம்மண் கலந்து கலங்கலாக வரும். செங்காவியும் பழுப்பும் கலந்து அடித்து, அதன் மேல் வார்னிஷைப் பல தடவை மெல்லிசாகப் பூசினால் அந்தக் கலங்கலும் பளபளப்பும் சேர்ந்து வரும். நாற்றங்காலுக்குப் பூத்துவாலையைப் பச்சைச் சாயத்தில் முக்கி ஒட்டுகிறோம், அந்த நூல் முடிச்சுகள் நெருக்கமான நாற்று போலவே நிற்கும். தென்னை பற்றி ஒரு வார்த்தை: பெரும்பாலான லேஅவுட்களில் தென்னை குட்டையாகப் போய்விடுகிறது. 20 மீட்டர் மரம் 1:87இல் 23 சென்டிமீட்டர் வரவேண்டும். ஸ்டேஷன் ஓட்டுக்கு மேல் ஓங்கி நின்றால்தான் அது நம் ஊர்.

நெட்டியைச் சொல்லாமல் விடக்கூடாது. குளத்திலும் ஏரியிலும் முளைக்கும் நெட்டிச் செடியின் தண்டுக்குள் வெள்ளை வெளேர் என்று எடையே இல்லாத சதை இருக்கும். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் அதில்தான் பெரிய கோயில் மாடல் செய்கிறார்கள். கத்திக்கு வெண்ணெயாக வழிவிடும், கோந்தில் ஒட்டும், நிறம் பிடிக்கும். ஸ்டேஷனுக்குப் பின்னால் தெரியும் கோபுரத்தையும் அக்ரகாரத்து ஓட்டு வீடுகளையும் அக்கா நெட்டியில் செய்திருக்கிறார். வெளிநாட்டு மாடல்காரர்கள் இதற்கு பால்சா மரத்தையும் ஃபோம் பலகையையும் தேடுகிறார்கள். நமக்கு உள்ளூரில், பல தலைமுறைக் கைப்பழக்கத்தோடு கிடைக்கிறது.

ஐப்பசி கார்த்திகை வந்தால் பேச்சு பராமரிப்புக்கு மாறிவிடும். ஈரத்தில் பிளைவுட் ஊதும், டிராக் இணைப்பு மேலெழும். பலகையின் மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் போதாது, அடிப்பக்கமும் விளிம்பும் அடிக்க வேண்டும். இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது, ஆகவே தண்டவாளத்தில் அழுக்கு படிந்தால் வண்டி திக்கித் திக்கி நிற்கும். பித்தளைத் தண்டவாளம் கடல் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். நிக்கல் சில்வர் என்ற உலோகத்தில் செய்த தண்டவாளம் விலை கூடுதல்தான், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் அதையே வாங்குங்கள். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

நெல்லுக்கு வருகிறேன். நீடாமங்கலம் அண்ணன் விவசாயி. சம்பா அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அவர் போனில் ரயில் இருக்காது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. தார்ப்பாய் எங்கே கிடைக்கும், சாலையோரம் காயவைக்க இடம் இருக்கிறதா என்றுதான் பேச்சு போகும். மன்னார்குடித் தம்பி வேலை முடிந்ததும் அவர் களத்துக்குப் போய் நெல் கிளறிவிட்டு வருவார். அந்த நெல்தான் பிற்பாடு சரக்கு ரயிலில் வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. அண்ணன் லேஅவுட்டில் ஸ்டேஷனை விடப் பெரிதாகச் சரக்குக் கொட்டகையும் மூட்டை அடுக்கும் லாரி வரிசையும் இருப்பது அதனால்தான்.

2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் வேதாரண்யம் நண்பருக்குத் தென்னந்தோப்பு போயிற்று, ஓடு பறந்து லேஅவுட்டும் நனைந்து போயிற்று. அகஸ்தியம்பள்ளி வரை போகும் உப்பு ரயில் பாதையை அவர் செய்துகொண்டிருந்தார். கரண்ட் இல்லை, போன் இல்லை. எங்களால் முடிந்தவர்கள் அரிசி, மெழுகுவத்தி, தார்ப்பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். ரயிலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு வெகுநாள் அவர் பேச்சில் ரயிலே வரவில்லை, தோப்பைப் பற்றித்தான் பேசினார், நாங்களும் தோப்பைப் பற்றியே பேசினோம். ஒரு நாள் அவராகவே, "ஊதின பலகையை அறுத்துட்டு நல்ல துண்டை மட்டும் வெச்சுக்கலாமா ஐயா?" என்று பொன்மலை ஐயாவிடம் கேட்டார். ஐயா மறுநாளே பஸ் ஏறிப் போய்விட்டார், கையில் ரம்பத்தோடு. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி பாதையில் மறுபடி வண்டி ஓட ஆரம்பித்தது. அவருடைய மாடலில் இப்போதும் மீட்டர் கேஜ்தான், ஓரமாக உப்பு அம்பாரம்.

ஆகவே உங்கள் சித்தப்பா போனை வைக்கும் வரை காத்திருங்கள், பிறகு லேஅவுட்டைக் காட்டச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். மாடல் வாங்கவே வேண்டும் என்பதில்லை. எங்களோடு பேசுகிறவர்களில் ஒரு தண்டவாளத் துண்டு கூட வைத்திராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய போட்டோவும் நல்ல ஞாபகமும் இருக்கிறது, எங்களுக்கு அது இன்ஜினை விடப் பெரிது.

இப்போது எங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு மாயவரம் – தரங்கம்பாடி மீட்டர் கேஜ் பாதை. 1980களில் நின்றுபோன அந்தப் பாதையைத் திருவாரூர் அக்கா செய்யத் தொடங்கியிருக்கிறார். செம்பனார்கோவில், திருக்கடையூர், பொறையாறு ஸ்டேஷன்கள் எப்படி இருந்தன என்று யாருக்காவது நினைவிருந்தால், அல்லது வீட்டு ஆல்பத்தில் யாருடைய கல்யாணப் போட்டோவிலாவது பின்னணியில் அந்தக் கட்டடம் தெரிந்தால், இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள். கூரை ஓடு வேய்ந்ததா, தளம் போட்டதா என்பதிலேயே இப்போது நிற்கிறோம்.