திரையில் அசையும் துணி: கேள்வி பதில்

கேள்வி: கணினி அனிமேஷனுக்காக, ஸ்பிரிங்குகளால் இணைத்த புள்ளிகளின் வலையாக நான் உருவாக்கிய மேசைவிரிப்பு ரப்பர் போல் இழுபடுகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டினால் ஓரிரு ஃபிரேமிலேயே புள்ளிகள் திசைக்கொன்றாகச் சிதறுகின்றன. ஏன்?

பதில்: பாவும் ஊடையுமாக நெய்த துணி, நூலின் திசையில் இழுத்தால் எளிதில் நீளாது; மடித்தாலோ எதிர்ப்பே இல்லாததுபோல் வளைந்துவிடும். உங்கள் தொல்லைக்கு வேர் இந்த முரண்தான். 0.1 கிராம் நிறையுள்ள ஒரு புள்ளியை, மீட்டருக்கு 1000 நியூட்டன் விறைப்புள்ள ஒற்றை ஸ்பிரிங்கில் கட்டி, முதலில் வேகத்தையும் பிறகு அவ்வேகத்தால் இடத்தையும் கணக்கிட்டு நகர்த்துவதாகக் கொள்வோம். ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேர இடைவெளி, அதாவது ஒரு ‘படி’, ஏறத்தாழ 0.0006 நொடியைத் தாண்டியதுமே அதிர்வு கட்டுமீறிப் பெருகும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஃபிரேமுக்குக் குறைந்தது 66 படிகள் வேண்டும். விறைப்பை நான்கு மடங்காக்கினால் படிகள் இரட்டிக்கும். கணினி வரைகலை ஆய்வாளர்களான பராஃப், விட்கின் இருவரும் 1998-இல் வெளியிட்ட கட்டுரை, படியின் முடிவில் நிலவப்போகும் விசையைக் கொண்டே அந்தப் படியைத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறையைத் துணிக்குப் பயன்படுத்தி இந்தத் தளையை அவிழ்த்தது. ஒவ்வொரு படிக்கும் பெரியதொரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும் என்றாலும், படிகள் குறைவதால் மொத்தத்தில் லாபமே.

கேள்வி: அம்முறைக்கு மாறியபின் துணி தண்ணீருக்குள் அசைவதுபோல் மந்தமாகிவிட்டதே?

பதில்: பலரும் காற்றுத்தடையின் மீது பழி போடுவார்கள், பெரும்பாலும் அது நிரபராதி. பெரிய படியில் இம்ப்ளிசிட் கணக்கே ஆற்றலை விழுங்கி, சிறு சுருக்கங்களை முதலில் அழிக்கிறது. படியைப் பாதியாக்கிப் பாருங்கள். துடிப்பு மீண்டால் காரணம் அதுதான்.

கேள்வி: கணினி விளையாட்டுக்கு எது ஏற்றது?

பதில்: எக்ஸ்பிபிடி (XPBD) என்ற முறை. இதன் மூலமான பிபிடி (PBD), விசைக்குப் பதிலாகப் புள்ளிகளின் இடங்களையே நேரடியாகத் திருத்துவது. 2006-இல் வந்த அந்த முறையில் துணியின் விறைப்பு, ஒரு படிக்குள் அத்திருத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கேற்ப மாறிக்கொண்டிருந்தது; 2016-இல் வந்த இந்த வடிவம் அக்குறையைப் பெரிதும் நீக்கியது.

கேள்வி: அக்குளில் சட்டைத்துணி தன்னையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது.

பதில்: படியின் முடிவில் மட்டும் மோதலைத் தேடினால், இடையில் கடந்துபோனது கண்ணில் படாது. புள்ளியும் முக்கோணமும், விளிம்பும் விளிம்பும் எந்தக் கணத்தில் ஒரே தளத்துக்கு வருகின்றன என்பதை முப்படிச் சமன்பாட்டால் கண்டு, அக்கணத்தில் அவை உண்மையிலேயே தொடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் அக்குளைப் பொறுத்தவரை நான் முதலில் சந்தேகிப்பது துணியை அல்ல, அனிமேட்டரை. கை விலாவுக்குள் புதைந்திருந்தால் இடையிலுள்ள துணி நிற்க இடமே இல்லை. எந்தச் சிமுலேஷனாலும் அதற்கு விடை காண முடியாது. கையைச் சற்றே விலக்கச் சொல்லுங்கள்.