மறு: முழு வட்டு மறையாக்கத்துக்கு 10 எழுத்துக் கடவுச்சொல் போதுமா?

விண்டோஸ் மடிக்கணினியின் வட்டை வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளால் முழுதாகப் பூட்டப்போகிறீர்கள்; கடவுச்சொல் 10 எழுத்து, ‘எஸ்’ இடத்தில் டாலர் குறி, ‘ஓ’ இடத்தில் சுழி என்கிறீர்கள். போதாது. உடைக்கும் மென்பொருள்கள் இந்த மாற்றங்களை எல்லாம் முதலிலேயே போட்டுப் பார்த்துவிடும். 20 எழுத்துக்குக் குறைந்தால் வெராகிரிப்டே எச்சரிக்கும்.

பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்து கடவுச்சொல் அமைக்கும் டைஸ்வேர் முறைக்கு வாருங்கள். பட்டியலில் 7,776 சொற்கள். ஆறு பக்கப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல், அதாவது ஏறக்குறைய 12.9 பிட் (ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு; ஒரு பிட் கூடினால் கடினம் இரட்டிக்கும்). ஆறு சொல்லுக்கு 77 பிட் கிடைக்கும். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள், வாக்கியமாக வரும்படி வரிசையையும் கலைக்காதீர்கள். கணக்கு அங்கேதான் கெடும். பாட்டு வரி, பழமொழி வேண்டவே வேண்டாம். கணினி தொடங்கும் திரையில் அமெரிக்க விசைப்பலகை அமைப்புதான் இருக்கும் என்பதால் தமிழ் எழுத்தில் வைக்க முடியாது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கலாம், ஆனால் தேர்வு பகடையுடையதாக இருக்கட்டும்.

தொடங்கும் முன் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுங்கள். வெராகிரிப்ட் உருவாக்கித் தரும் மீட்பு வட்டைத் தனி யூஎஸ்பியில் வையுங்கள். முதன்மைச் சாவியை, அதாவது வட்டை உண்மையில் திறக்கும் சாவியை, பூட்டி வைத்திருக்கும் தலைப்புப் பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல்லும் வேலை செய்யாது; அதன் நகல் மீட்பு வட்டில் இருக்கும். பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த முதன்மைச் சாவி மாறாது. பழைய மீட்பு வட்டு ஒருவர் கையில் சிக்கினால் பழைய கடவுச்சொல்லே திறந்துவிடும், அந்தப் பழைய வட்டை அழித்துவிடுங்கள்.

வெளியே கொண்டுபோகும்போது ஸ்லீப்பில் விடாமல் ஷட்டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் சாவி கணினியின் தற்காலிக நினைவகமான ரேமிலேயே கிடக்கும்.