படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள நாளுக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு ஊர் கோவை, சிங்காநல்லூர் பக்கம். வயது 43. ஆறு வருடமாக ஒரு ஏஜென்சி மூலம் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். நர்சிங் படித்ததில்லை, வேலையில் கற்றுக்கொண்டதுதான். 12 மணி நேர ஷிஃப்டுக்கு வீட்டுக்காரர்களிடம் 950 ரூபாய் வாங்கி எனக்கு 650 கொடுப்பார்கள். போன மாதம் அங்கிருந்து நின்றுவிட்டேன். இப்போது தெரிந்தவர் ஒருவர் சொல்லி, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் 78 வயது அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு வீட்டில் நேரடியாகக் கூப்பிடுகிறார்கள். “எவ்வளவு வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்கிறார்கள். 700 கேட்கலாமா? கூடக் கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: 700 வேண்டாம். 900 சொல்லுங்கள். ஏன் 900 என்று நீங்களே நம்பினால்தான் அந்த வீட்டு வாசலில் தடுமாறாமல் சொல்ல முடியும், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன், ஒரு பேப்பர் எடுத்து உங்கள் வீட்டு எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வீட்டு வாடகை, மளிகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 17,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,04,000. போக்குவரத்து, போன் ரீசார்ஜ், வேலைக்குப் போட்டுக்கொள்ளும் உடுப்பு, செருப்பு என்று மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. (டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லைதான், ஆனால் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ் இல்லாத நேரத்தில் ஆட்டோதானே.) உங்கள் முதுகுக்கும் முழங்காலுக்கும் ஒருநாள் வைத்தியம் பார்க்க வேண்டி வரும், அதற்கும் சேமிப்புக்கும் இன்னொரு 18,000. மொத்தம் 2,40,000.

சரி, இதை எத்தனை நாளால் வகுப்பது? இங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம். வருடத்தில் 52 வாரம், வாரத்துக்கு ஒருநாள் லீவு என்றால் மிச்சம் 313 நாள். பண்டிகை, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று ஒரு 13 நாள் போனால் 300. அப்புறம் இந்தத் தொழிலுக்கே உள்ள ஒரு இடைவெளி இருக்கிறது. நீங்கள் பார்க்கும் பெரியவர் ஒன்று குணமாகிறார், இல்லையென்றால் தவறிவிடுகிறார், எதுவானாலும் மறுநாள் காலையில் உங்களுக்கு வேலை இல்லை. அடுத்த வீடு கிடைக்கப் பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். வருடத்துக்கு 40 நாள் இப்படிப் போகும் என்று வையுங்கள். ஆக, கையில் காசு வரும் நாள் 260தான். 2,40,000-ஐ 260-ஆல் வகுத்தால் 923. அந்த 650-ஐ இதே 260 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 1,69,000 வரும், 71,000 ரூபாய் பள்ளம். ஆறு வருடமாக வட்டிக்கு வாங்கியும் நகையை அடகு வைத்தும் அதைத்தான் நிரப்பியிருப்பீர்கள், உங்கள் கையில் காசு நிற்காததற்கு உங்கள் செலவுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் 950 கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் அந்த 950-இல் வீட்டுக்காரர்களுக்கு வேறு ஒன்றும் கிடைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் ஒருநாள் வராவிட்டால் ஏஜென்சி மாற்று ஆளை அனுப்பும். இப்போது அந்தப் பொறுப்பு உங்களுடையது. உங்களோடு வேலை பார்த்தவர்களில் நம்பிக்கையான ஒருவரைப் பேசி வைத்து, “எனக்கு முடியாத நாளில் இவர் வருவார், நீங்கள் அலைய வேண்டாம்” என்று சொல்ல முடிந்தால் 900 முழு நியாயம். அந்த ஏற்பாடு இல்லையென்றால் 850-க்கு இறங்குங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். 900 என்றால் மணிக்கு 75 ரூபாய். அந்த வீட்டுக்கு ஏஜென்சியைவிட நாளுக்கு 50 ரூபாய் மிச்சம், உங்களுக்கு 250 கூடுதல், இரண்டு பக்கமும் நியாயம்தான்.

சில வீடுகளில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைக் காட்டிப் பேசுவார்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2018-இல் மணிக்கு 37 ரூபாய் என்று வந்தது. அதற்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது என்பதற்காக வைத்த எண் அது, அவ்வளவு கொடுத்தால் போதும் என்பதற்காக வைத்ததில்லை. இதைக் கோபப்படாமல் சொல்லுங்கள்.

இனி, அந்த 900-க்குள் என்னென்ன அடங்கும் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும், பணத்தைவிட இதில்தான் பின்னால் மனஸ்தாபம் வருகிறது. அந்த அம்மாவைத் துடைத்துவிடுவது, டயபர் மாற்றுவது, பெட் பேன் வைப்பது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, அவருடைய துணியைத் துவைப்பது, அவருக்கு மட்டும் கஞ்சியோ இட்லியோ செய்து தருவது, இதெல்லாம் உங்கள் வேலை. வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் பேரப்பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவதும் உங்கள் வேலை இல்லை. முதல் வாரம் “கையோட கையா இதையும் செஞ்சுடுங்களேன்” என்று அன்பாகத்தான் ஆரம்பிக்கும், நீங்களும் முகம் முறிக்க முடியாமல் செய்வீர்கள், மூன்றாவது மாதம் அதைச் செய்யவில்லை என்று குறை வரும். டயபர், கையுறை, பஞ்சு, டெட்டால் எல்லாம் அவர்கள் வாங்கி வைக்க வேண்டும், உங்கள் கைக்காசு போடாதீர்கள்.

இடுப்பு எலும்பு முறிந்தவரைத் தூக்கி உட்கார வைப்பது ஒருவர் செய்யும் வேலை கிடையாது. எப்போது உட்கார வைக்கலாம், எப்போது வாக்கர் பிடித்து நிற்க வைக்கலாம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், காலையில் மகனோ மருமகளோ வேலைக்குக் கிளம்பும் முன் ஒருவர் கூடப் பிடிக்க வேண்டும். என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது அவரைப் பார்த்துக்கொண்ட அக்கா தனியாகத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்து, இரண்டு மாதம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார், அந்த இரண்டு மாதத்துக்கு நாங்கள் அவருக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்தோம். முழுசாகக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மூக்கு வழியாகப் போடும் டியூபை மாற்றுவது, சிறுநீர் டியூபை மாற்றுவது, ஊசி போடுவது, இவற்றை எவ்வளவு காசு கூடக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது படித்த நர்ஸ் செய்ய வேண்டியது. தப்பாகப் போய்விட்டால் அந்த அம்மா உயிருக்கும் ஆபத்து, உங்கள் தலைக்கும் பழி.

பகலுக்கு 900 என்றால், முழிப்போடு இருக்க வேண்டிய ராத்திரி ஷிஃப்டுக்கு 1,000 கேளுங்கள். 24 மணி நேரமும் தங்கிப் பார்க்கச் சொன்னால் இரண்டு மடங்கு யாரும் தர மாட்டார்கள், சாப்பாடும் இடமும் அவர்கள் தருவதால் ஒன்றரை மடங்கு நியாயமான பேச்சு, அதிலும் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்க விடுவார்கள் என்ற உறுதியோடு. குளிப்பாட்டிவிட மட்டும் ஒன்றரை மணி நேரம் கூப்பிடுகிறார்களா, அதை மணிக்கு 75 என்று கணக்குப் போடாதீர்கள், போக வர ஆகும் நேரமும் உங்களுடையதுதான், ஒரு தடவைக்கு 250-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். அந்த அம்மாவை நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், நீங்கள் வேறு வீடு தேடிப் போகாமல் காத்திருக்க அவர்கள் விரும்பினால், அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். திடீரென்று வேலை முடிந்துபோனால் ஏழு நாள் சம்பளம் என்பதையும் சொல்லுங்கள். ஒரு சாவைப் பற்றி முன்கூட்டிப் பேசுவது சங்கடமாக இருக்கும், “எந்தக் காரணத்தால் வேலை நின்றாலும்” என்று சொன்னால் போதும், அவர்களுக்குப் புரியும்.

இவ்வளவையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாராவாரம், முடிந்தால் ஜிபே மூலமாக, அதுவே ரசீது. அப்புறம் வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது, அதில் பதிந்துவிட்டீர்களா? அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவேடான இ-ஷ்ரமிலும் பதியுங்கள். பேங்க் கணக்கு இருந்தால் வருடத்துக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு எடுக்கலாம், பிரதமர் சுரக்ஷா பீமா என்று பேங்கில் கேட்டால் எழுதித் தருவார்கள். ஜிஎஸ்டி பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலை வேண்டாம், இந்த மாதிரிச் சேவைக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே.

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மா திருச்சியில் தனியாக இருக்கிறார், மறதி நோய் ஆரம்பம். தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி நாளுக்கு 1,300 கேட்கிறார். ஒரு ஏஜென்சி 1,400 கேட்கிறது, கூடவே திருப்பித் தராத 15,000 ‘சர்வீஸ் சார்ஜ்’. நேரடியாக வைத்துக்கொள்வது லாபம்போலத் தெரிகிறது, ஆனால் ஏதாவது பிரச்சினை என்றால் யாரிடம் போவது? அவர் கேட்கும் 1,300 அதிகமில்லையா?

பதில்: அதிகமில்லை. மேலே போட்ட கணக்கைப் படித்துப் பாருங்கள், தங்கி வேலை பார்ப்பவருக்கு 1,300 கொஞ்சம் குறைவு என்றே சொல்வேன். மறதி நோய் இருப்பவர் ராத்திரியில் எழுந்து கதவைத் திறப்பார், கேஸைப் பற்றவைப்பார், அந்தப் பெண்மணி நிம்மதியாகத் தூங்கப்போவதில்லை. பேரம் பேசி 1,100-க்குக் கொண்டுவந்தால் இரண்டு மாதத்தில் அவர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார், புது முகத்தைப் பழகிக்கொள்வது உங்கள் அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டது சரியான கேள்வி. ஏஜென்சி என்றால் நீங்கள் நுகர்வோர். சொன்ன ஆளை அனுப்பவில்லை, பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ‘திருப்பித் தரமாட்டோம்’ என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் தைரியமாகப் புகார் கொடுங்கள். நேரடியாக ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் அப்படி இல்லை. ஒருவரை நமக்குக் கீழே வேலைக்கு வைத்துக்கொள்ளும் தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ என்பதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால் அங்கே உங்களுக்குப் பாதுகாப்பு நீங்கள் எழுதிக்கொள்ளும் தாளும், விசாரித்துத் தெரிந்துகொள்வதும்தான். ஆதார் நகல் வாங்குங்கள், இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்குப் போன் செய்து பேசுங்கள், மருந்து, சாப்பாடு, மோஷன், தூக்கம் எல்லாவற்றையும் தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் ஏடிஎம் கார்டை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள், அது அவருக்கும் ஆபத்து, நாளைக்கு ஐநூறு ரூபாய் குறைந்தாலும் பழி அவர் மேல்தான் விழும்.

நானாக இருந்தால் அந்தப் பெண்மணியை வைத்துக்கொண்டு, மிச்சமாகும் 15,000-இல் மாதம் நான்கு நாள் லீவில் மாற்று ஆளுக்குக் கொடுப்பேன். அம்மாவுக்கு பிபி, சுகர் இருந்தால் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மதுரையில் ஒரே வீட்டில் இரண்டு வருடமாகத் தாத்தா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். சேர்ந்தபோது அவர் நடந்தார், இப்போது படுக்கை, டியூபில்தான் சாப்பாடு. சம்பளம் அதே 700. நல்ல மனிதர்கள், தீபாவளிக்குப் புடவையும் பணமும் தருவார்கள். எப்படிக் கேட்பது?

பதில்: நல்ல மனிதர்கள் என்பதால்தான் கேட்பது சுலபம். சேரும்போது செய்த வேலைகளை ஒரு பக்கம், இப்போது செய்பவற்றை ஒரு பக்கம் எழுதி, வீட்டில் சம்பளம் கொடுப்பவரிடம், தாத்தா இல்லாத அறையில், மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போது காட்டுங்கள். “அடுத்த மாதத்திலிருந்து 900 வேணுங்க” என்று எண்ணைச் சொல்லிவிட்டு அவர் பேசும்வரை பேசாமல் இருங்கள். ஒரே தடவையில் முடியாது என்றால் இப்போது 800, மூன்று மாதம் கழித்து 900 என்று ஒத்துக்கொள்ளலாம். தீபாவளிப் புடவையைச் சம்பளத்தோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். டியூபில் ஊட்டுவதை ஆஸ்பத்திரி நர்ஸ் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் சம்பளப் பேச்சுக்கு முன்னால், இந்த வாரமே தாத்தாவை டாக்டரிடம் காட்டும்போது கூடப் போய், தலைமாட்டை எவ்வளவு உயர்த்த வேண்டும், ஊட்டிய பிறகு எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.